லிங்கத்தாற்றை நாக்கு

— அப்பா, நான் ஒண்டையும் களவெடுக்க வரேல்லை. என்ர கத்தரிக்கோல் இருபத்தி நாலையும் எடுத்துக்கொண்டு போகத்தான் வந்தனான்.

— உன்ர கத்தரிக்கோல் எண்டு இப்ப இந்த வீட்டில ஒண்டும் இல்லை, துர்க்கா. எல்லாம் அம்பாளின்ர. நாளைக்கு விஜயதசமி. காலமை பூசை முடிய அவவிட்டைக் கேட்டு எடுத்துக்கொண்டு போ.

— நாளைக்கு விடியப் பிடிச்சு மழை. மூண்டு நாளைக்கு விடாதாம். பினோ திராட்சைப் பழத்தின்ர தோல் எவ்வளவு மெல்லிசெண்டு உங்களுக்கு நான் சொல்லவோ? தண்ணியைக் குடிச்சு வெடிச்சுப் பூஞ்சணம் பிடிச்சா, இந்த வருசம் எங்களிட்டை வைன் இல்லை. வினாகிரிதான்.

— வினாகிரியும் ஒரு சாமான்தானே பிள்ளை. ஊறுகாய்க்குப் போகும்.

— பகிடி விடாதேங்கோ. இந்தச் சாமியறையை ஒருக்கா வடிவாப் பாருங்கோ. சனம் சரஸ்வதிக்கு முன்னால புத்தகம் வைக்கும், பேனை வைக்கும். நீங்கள் கத்தரிக்கோல், சீனி அளக்கிற கண்ணாடி, பம்பு, ட்ராக்டர் திறப்பு, ஃபோர்க்லிஃப்ட் திறப்பு எல்லாத்தையும் பீம்ஸ்வில் தோட்டத்தில இருந்து ஸ்காபரோ வீட்டுக்கு ஏத்திக்கொண்டு வந்து சந்தனம் பூசி வைச்சிருக்கிறீங்கள். பம்புக்குப் பட்டுத்துண்டு வேற. எங்கட கலியாணத்தண்டு மாக்கஸ்கூட இவ்வளவு வடிவா நிக்கேல்லை.

— அந்தப் பம்பு பதினொரு வருசமா எங்களுக்குச் சோறு போடுது, கண்டியோ. அதுக்கொரு பட்டுத்துண்டு கூடாதோ? மாக்கஸிட்டை மரியாதை படி. வேதக்காரப் பெடியன், சேர்ச்சுக்குப் போறவன், ஆனாலும் ஒரு சொல்லுச் சொல்லேல்லை. தானே தூக்கி வானில ஏத்திவிட்டவன்.

— உங்கட மருமோன் இப்ப என்ன சொல்லுறாரெண்டு கேளுங்கோ. றெக்ஸ்டேலில இருந்து சந்திரவதனா அன்ரி பழம் வெட்டப் பதினாறு பொம்பிளையளோட வந்து இறங்கிட்டாவாம். கையுறையும் போட்டுக்கொண்டு வரிசையில நிக்கினமாம். ஆயுதம் எங்கை தம்பியெண்டு கேட்டாவாம். அம்பாளிட்டையெண்டு மாக்கஸ் சொல்ல, நாப்பது வருசமாக் கோயிலுக்குப் போறன், அம்பாள் சூலம் வைச்சிருக்கிறது தெரியும், கத்தரிக்கோல் வைச்சிருக்கிறது தெரியாதெண்டாவாம். இப்ப எல்லாரும் தோட்டத்துக்கு நடுவில கதிரை போட்டிருந்து தேத்தண்ணி குடிக்கினம்.

— குடிக்கட்டும். நல்ல காத்துள்ள இடம்.

— அப்பா.

— என்ன?

— பழம் முத்தி ஒரு கிழமையாச்சு. நீங்கள் ஒவ்வொரு நாளும் இன்னும் ரெண்டு நாள், இன்னும் ரெண்டு நாள் எண்டு சொல்லிக்கொண்டு வந்தீங்கள். பேந்து ஏழாம் பூசையண்டு வந்து தோட்டத்தையே மொட்டையடிச்சுக்கொண்டு போயிட்டீங்கள். போன வருசம் ஆயுத பூசைக்கு ஒரே ஒரு கத்தரிக்கோல்தான் வைச்சனீங்கள். அதுவும் துருப்பிடிச்சது.

— அம்பாளுக்குத் துருப்பிடிச்சதைக் குடுத்த பாவம் இந்த வருசம் கழியட்டுமெண்டுதான்.

— எனக்கு உண்மையைச் சொல்லுங்கோ. ஏன் வெட்ட விடுறீங்களில்லை?

— வெட்டெண்டு நான் சொல்லாமல் ஒரு குலையும் இறங்கக்கூடாது. அதுதானே எங்கட சட்டம்? அந்தச் சட்டம் எப்பிடி வந்ததெண்டு உனக்கு மறந்துபோச்சு. இருபத்திரெண்டு வருசம் நான் பிளாஸ்டிக் வாளி செய்யிற ஃபக்டறியில நிண்டனான். வைன் எண்டா கறுப்போ சிவப்போ எண்டு தெரியாத மனுசன். அந்த இத்தாலிக்காரக் கிழவனிட்டை இந்தக் காணியை வாங்கேக்க, அவன் சீனி அளக்கிற கண்ணாடிக் குழாயை வெயிலுக்குப் பிடிச்சுப் பாத்துத் திங்கக்கிழமை வெட்டெண்டான். நான் பழத்தை வாயில போட்டு, விதையைக் கடிச்சு, இல்லை ஐயா, வியாழன் எண்டன். அவன் என்னை ஏற இறங்கப் பாத்தான். வாளிக்காரனுக்கு என்ன தெரியுமெண்டு நினைச்சிருப்பான். பாதியைத் திங்களில வெட்டினம், பாதியை வியாழனில வெட்டினம். அடுத்த வருசம் ரெண்டு போத்திலையும் அவனுக்கு முன்னால உடைச்சு வைச்சன். குடிச்சுப்போட்டு, தன்ர குழாயைக் கழட்டி என்ர கையில தந்தான். அதுக்கடுத்த வருசம் செத்துப்போனான்.

— அந்தக் கதை எனக்குத் தெரியும். எங்கட துண்டுப்பிரசுரத்திலயே இருக்கு. நாக்கை நீட்டிக்கொண்டு உங்கட படத்தோட. பஸ்ஸில வாற சனம் உங்கட நாக்கோட நிண்டுதான் படம் எடுக்குது, பழத்தோட எடுக்கிறேல்லை.

— அப்ப என்ன, நாக்கின்ர சொல்லைக் கேள்.

— அதுக்குத்தான் கொண்டுவந்தனான். இந்தாங்கோ. விடிய ஆறு மணிக்கு, மேல் வளவில, நகத்தால கிள்ளின குலை. ஒரு பழம் கடிச்சுப் பாத்துச் சொல்லுங்கோ. பொறு எண்டா பொறுக்கிறன். மழை கொட்டினாலும் பொறுக்கிறன், கடவுளாணை. வெட்டு எண்டா கத்தரிக்கோலைத் தாங்கோ.

— இப்பதான் பல்லு மினுக்கினனான்.

— மணி பன்னிரண்டு.

— பிந்தித்தான் மினுக்கினனான்.

— ஒரு பழம், அப்பா.

— குலை பிறிட்ஜுக்குள்ள இருந்து வந்தமாதிரிக் குளிருது. குளிர்ந்த பழத்தில ருசி தெரியாது. அங்கை, மரத்தடியில நிண்டுதான் பாக்கோணும்.

— அப்ப வாங்கோ, காரில ஏறுங்கோ. ரெண்டு மணித்தியாலத்தில மரத்தடியில நிக்கலாம்.

— இண்டைக்கு எப்பிடி வாறது? அம்மா விரதம். அவவைத் தனிய விட்டிட்டோ?

— ஆர் என்னைத் தனிய விடுறது? ஒன்பது நாளாப் பாலும் தண்ணியும். சத்தம் போட எனக்குச் சீவனில்லையெண்டு போட்டு, எனக்கும் சேத்து நீங்கள் ரெண்டு பேரும் கத்துறியளோ? அம்பாளுக்கு முன்னால நிண்டு?

— அம்மா, நீங்களாவது சொல்லுங்கோ இவருக்கு. ஒரே ஒரு பழம் கடிக்கச் சொல்லுறன். எங்கட வருசத்து உழைப்பு முழுக்க அங்கை தொங்குது.

— அந்த மனுசன் பேந்து கடிப்பார், பிள்ளை. நாளைக்குக் காலமை. நான் பாரணை முடிக்கட்டும், மூண்டு பேருமாப் போவம்.

— நாளைக்குக் காலமை மழையம்மா. ஏன் எல்லாத்துக்கும் நாளைக்குக் காலமை? நீங்கள் பாரணை முடிக்கிறதுக்கும் இவர் பழம் கடிக்கிறதுக்கும் என்ன சம்பந்தம்?

— சம்பந்தம் ஒண்டும் இல்லை. ஆர் சொன்னது சம்பந்தமெண்டு? இஞ்சேருங்கோ, நான் அப்பிடிச் சொன்னனானோ?

— இல்லை கமலம், நீர் சொல்லேல்லை.

— ஓகே. அப்ப நான் சொல்லுறன். சொல்லக்கூடாதெண்டுதான் வந்தனான். போன மாசம் ஏழாம் பீப்பா புளிச்சுப்போச்சு. கதவைத் திறக்கவே எனக்குக் கண் எரிஞ்சுது. மாக்கஸ் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியில ஓடிட்டார். நீங்கள் அதுக்கு மேல குனிஞ்சு, மூக்கை உள்ளுக்க விட்டு, கண்ணை மூடி, ஆகா, செர்ரிப்பழம் எண்டீங்கள்.

— அப்பிடியோ சொன்னனான்?

— ரெண்டு தரம் சொன்னனீங்கள். ரெண்டாந்தரம் கொஞ்சம் வனிலாவும் இருக்கெண்டீங்கள்.

— வனிலா எப்பவும் சொல்லுறது. வந்த சனத்துக்கு வனிலா சொன்னா விருப்பம்.

— அப்பா.

— கேட்டுக்கொண்டுதான் நிக்கிறன்.

— எப்பத்தில இருந்து?

— கொரோனா வந்தது, போச்சு. போகேக்க மூக்கையும் கொண்டு போட்டுது. எல்லாருக்கும் திரும்பி வருமெண்டாங்கள். சில பேருக்கு மூண்டு கிழமையில வந்துதாம், சில பேருக்கு மூண்டு மாசத்தில. என்ர மூக்கு பிளேனைத் தவறவிட்டிட்டுது. கொத்தமல்லியும் டெட்டோலும் எனக்கு ஒண்டுதான், பிள்ளை. நாக்கில புளிப்புத் தெரியும், இனிப்புத் தெரியும், அவ்வளவுதான். அது ட்ராஃபிக் லைற் மாதிரி. சிவப்பு, பச்சை. அதை வைச்சுக்கொண்டு பாட்டுக் கட்ட ஏலாது.

— அப்ப இவ்வளவு வருசமும்? போன வருசம்? எங்கட வைன் பதக்கம் எடுத்த வருசம்? பதினேழாந் தேதி, பின்னேரம் நாலு மணி, வெட்டு எண்டீங்கள். அந்த நாள் மாதிரி ஒரு நாள் கிடையாது. எங்கட புறொஃபெசர் கூட வந்து கேட்டவர், உங்கட அப்பா எப்பிடிக் கண்டுபிடிச்சவர் எண்டு.

— கமலம், நீர் சொல்லும்.

— நான் ஏன் சொல்லோணும்? உங்கட நாக்கு, நீங்கள் சொல்லுங்கோ.

— சொல்லும்.

— என்னத்தைச் சொல்லுறது, பிள்ளை. இவர் முன்னால போவார், நான் பின்னால போவன். இவர் ஒரு பழத்தைக் கடிச்சுப்போட்டு வானத்தைப் பாப்பார். அதே குலையில நான் ஒண்டைக் கடிப்பன். பதமெண்டால் சீலைத் தலைப்பைத் தோளில போடுவன். பதமில்லையெண்டால் இடுப்பில செருகுவன். அவர் திரும்பி என்னைப் பாத்திட்டு, தொண்டையைச் செருமிப்போட்டு, வெட்டு எண்டுவார். இல்லாட்டில் பொறு எண்டுவார்.

— நீங்களோ? நீங்கள் வாயில ஒரு சொட்டு வைன் வைச்சதில்லையே அம்மா. கோயிலில ஆரும் கேட்டா எங்களுக்குப் பழத்தோட்டம் எண்டெல்லோ சொல்லுறனீங்கள்.

— பழத்தோட்டம்தானே? நான் பழத்தைத்தான் கடிக்கிறன். அதைப் பிறகு நீங்கள் என்ன பாவத்துக்குள்ள கொண்டுபோய் ஊத்துறியள் எண்டு எனக்கென்ன தெரியும்.

— அப்ப அந்தப் பதக்கம்...

— அதை இவர்தான் கழுத்தில போட்டவர். எனக்கு அந்த நீலக் கயிறு சீலைக்குப் பொருந்தாது.

— பிள்ளை சிரிக்குது, கமலம். இல்லை, அழுகுது.

— ரெண்டும்தான். அப்ப இந்த வருசம் ஏனம்மா பாக்கேல்லை? ஒரு கிழமையா இவர் ரெண்டு நாள், ரெண்டு நாள் எண்டு நிண்டவர். நீங்கள் ஒருக்கா வந்து தலைப்பைத் தூக்கிப் போட்டிருந்தா முடிஞ்சுதே?

— விரதமெல்லோ?

— விரதத்தில பழம் சாப்பிடலாமே. எல்லாரும் சாப்பிடினம். சந்திரவதனா அன்ரி விரதமெண்டால் ஒரு சீப்பு வாழைப்பழம் சாப்பிடுறவ.

— அவவின்ர அவவோட. நான் இந்த முறை ஒன்பது நாளும் பல்லில ஒண்டும் படாமல் இருக்கிறனெண்டு அம்பாளுக்கு நேத்திக்கடன் வைச்சிட்டன். நேத்தி வைக்கேக்க பினோவைப் பற்றி யோசிக்கேல்லை. போன வருசம் பினோ நவராத்திரிக்கு முன்னமே முடிஞ்சுதே. இந்த வருசம் கோடை பிந்தி, எல்லாம் வந்து இதுக்குள்ள விழுந்துபோச்சு.

— அப்பிடி என்ன நேத்தி?

— அதை விடு.

— சொல்லுங்கோ.

— இவரின்ர மூக்குத் திரும்பி வரோணுமெண்டு.

— கமலம், அதை நீர் எனக்கும் சொல்லேல்லை. கால் நோவுக்கெண்டெல்லோ சொன்னனீர்.

— கால் நோவும் சேத்துத்தான். ரெண்டு நேத்திக்கு ரெண்டு விரதம் பிடிக்க எனக்கு வயசில்லை.

— பொறுங்கோ, நான் இதை ஒருக்கா விளங்கிக்கொள்ளுறன். அப்பாவுக்கு மூக்கு வரோணுமெண்டு அம்மா வாயை மூடிட்டா. அம்மா வாயை மூடினதால அப்பாவுக்குப் பதம் தெரியேல்லை. பதம் தெரியாததை மறைக்க அப்பா ஆயுதம் முழுக்க அம்பாளிட்டை அடகு வைச்சிட்டார். அங்கை ஒன்பது ஏக்கர் பழம் உங்கள் ரெண்டு பேரையும் பாத்துக்கொண்டு நிக்குது.

— நீ சொல்லேக்க விசர்த்தனமாத்தான் கிடக்கு. செய்யேக்க அப்பிடித் தெரியேல்லை.

— என்னட்டை ஏனப்பா சொல்லேல்லை? போர்ட்டில என்ன எழுதியிருக்கு? லிங்கம் அண் டோட்டர். நான் படிச்சது இதைத்தானே. நாலு வருசம். என்னட்டைக் கேட்டா நான் பதம் பாத்திருப்பனே.

— கேட்டிருக்கலாம், பிள்ளை. கேட்டா நீ பாத்துச் சொல்லுவாய். சரியாத்தான் சொல்லுவாய், அதுதான் பயம். அதுக்குப் பிறகு நான் அங்கை என்னத்துக்கு? ட்ராக்டர் மாக்கஸ் ஓட்டுறான். கணக்குக் கொம்பியூட்டர் பாக்குது. பீப்பா உருட்ட முதுகு விடாது. வருசத்தில ஒரு நாள், ஒரு சொல்லு. அதுதான் என்ர உத்தியோகம். அதையும் எடுத்தா நான் பஸ்ஸில வாற சனத்துக்கு நாக்கைக் காட்டுற கிழவன். சேர்க்கஸில வேலை செய்யிற மாதிரி.

— இஞ்சேருங்கோ, போதும். பிள்ளை, அந்தக் குலையைத் தா இஞ்ச.

— அம்மா, வேண்டாம். நேத்தி. இண்டைக்கு ஒன்பதாம் நாள், ஒரு இரவுதான் கிடக்கு.

— கமலம், வையும் அதை. பழம் போனாப் போகட்டும்.

— எனக்குச் சட்டம் படிப்பிக்காதேங்கோ ரெண்டு பேரும். துர்க்கா, உங்கட தொழிலில வைனைக் குடிச்சுப் பாக்கிறவை என்ன செய்யிறவை? விழுங்கிறவையோ?

— இல்லை. வாயில வைச்சு உருட்டிப்போட்டுத் துப்புறவை. நாள் முழுக்க அறுபது, எழுவது பாப்பினம். வெறிக்காது.

— பிறகென்ன. விழுங்கினாத்தான் சாப்பாடு. துப்பினா அது சோலி. விரதத்தில சோலி பாக்கக்கூடாதெண்டு ஒரு இடத்திலயும் எழுதேல்லை. அந்தச் செம்பைத் தாங்கோ.

— ஐயரிட்டை ஒருக்கா ஃபோன் பண்ணிக் கேப்பமோ?

— ஐயர் என்ன, வைனிலயோ பட்டம் எடுத்தவர்? செம்பைத் தாங்கோ. அம்பாளே, நீ பாத்துக்கொண்டுதான் இருக்கிறாய். ஒரு சொட்டும் தொண்டைக்குள்ள போகாது.

— மெல்ல, கமலம்.

— விதையையும் கடியுங்கோ அம்மா.

— ம்.

— எப்பிடி?

— பொறு. தோல் ஒரு பக்கம், சாறு ஒரு பக்கம் கழண்டு வருது. விதை வறுத்த கோப்பிக்கொட்டை மாதிரி முறியுது. பச்சைவாடை இல்லை. கடைசியில ஒரு சின்னப் புளிப்பு, நாக்கின்ர கரையில. தூ.

— அப்ப?

— எனக்கு இண்டைக்குச் சீலைத் தலைப்புத் தூக்கச் சீவனில்லை. அந்த மனுசனைப் பாக்கச் சொல்லு என்ர முகத்தை.

— பாத்திட்டன், கமலம்.

— பிறகென்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள். பிள்ளை காத்துக்கொண்டு நிக்குது. சொல்லுங்கோ. நான் சொல்லமாட்டன், அது என்ர வேலை இல்லை.

— வெட்டு.

— இன்னொருக்காச் சொல்லுங்கோ, அப்பா.

— வெட்டு, துர்க்கா. இண்டைக்கே. கற்பூரம் ஒண்டு கொளுத்திக் காட்டிப்போட்டு எல்லாத்தையும் தூக்கு. ஆயுதத்தை அம்பாளுக்கு முன்னால வைச்சது அவ பாக்கிறதுக்கு. அவ பாத்திட்டா. ஃபோனைத் தா இஞ்ச. மாக்கஸோ? லிங்கம் கதைக்கிறன். ஓம் தம்பி, பழம் பாத்தாச்சு. வெட்டு. நாங்கள் வெளிக்கிடுறம். சந்திரவதனாவுக்குச் சொல்லு, கதிரையை மடிச்சு வைக்கச் சொல்லி. என்ன? ஏனப்பா, உன்ர குரல் ஒரு மாதிரிக் கிடக்கு? தடிமனோ? சரி, இஞ்சி போட்டுக் குடி. பிள்ளை, நான் கராஜுக்குள்ள போய்ச் சப்பாத்துக் கொழுவிக்கொண்டு வாறன். முதல் குலை நான்தான் வெட்டுறது, ஞாபகம் வைச்சுக்கொள்.

— ஓமப்பா. ஆறுதலாக் கொழுவுங்கோ.

— போயிட்டாரோ?

— போயிட்டார். அம்மா, அந்தப் பம்பை முதல் தூக்குவமோ?

— பம்பை விடு. இஞ்ச வந்து இந்தக் காம்பைப் பார்.

— காம்புக்கென்ன?

— நகத்தால கிள்ளினதெண்டால் நார் நாராக் கிழிஞ்சிருக்கும். இது கத்தரிக்கோல் வெட்டு. வெட்டின இடம் காஞ்சும் போச்சு. எப்ப வெட்டினனி?

— அம்மா...

— எப்ப?

— நேற்று. பக்கத்துத் தோட்டத்தில கத்தரிக்கோல், ட்ராக்டர், பம்பு எல்லாம் இரவல் வாங்கி. சந்திரவதனா அன்ரியவை நேற்றே வந்திட்டினம்.

— எவ்வளவு வெட்டினனி?

— ஒன்பது ஏக்கரும். எல்லாம் வைன் தாங்கிக்குள்ள பத்திரமாக் கிடக்கு.

— பதம் ஆர் பாத்தது?

— நான்தான். ராத்திரி முழுக்க நித்திரை இல்லை. அவரைக் கேக்காமல் செய்துபோட்டு அந்தப் போத்திலில அவரின்ர பேரை எப்பிடி அம்மா ஒட்டுறது?

— அப்ப நான் ஏனடி அம்பாளுக்கு முன்னால நிண்டு துப்பினனான்?

— சத்தம் போடாதேங்கோ, வாறார். மேல் வளவில நாலு வரிசை வெட்டாமல் விட்டிருக்கிறன், அம்மா. அவர் வந்து வெட்ட.